சத்து இருக்கிறது, செடிக்குப் போய்ச் சேர்கிறதா?

முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) இருக்கிறது. வாழைப்பழத் தோலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) இருக்கிறது. காபிச் சக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. மூன்றும் உண்மை. இயற்கைத் தோட்டம் பற்றிக் கைமாறிக்கொண்டிருக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இப்படி ஓர் உண்மையில்தான் தொடங்குகின்றன. அதனால்தான் அவற்றைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எந்த வடிவத்தில், எவ்வளவு காலத்தில், எந்த வழியாக வேருக்குள் போகிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் பலர் திருப்தியாகி விடுகிறார்கள். தோட்டத்தில் நடக்கும் எல்லாமே இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

பல வருடங்களாக ரசாயன உரமோ பூச்சிமருந்தோ இல்லாமல்தான் செடி வளர்க்கிறேன். இனியும் அப்படித்தான். அதனாலேயே இந்தக் கட்டுக்கதைகள் என்னை வருத்துகின்றன. புதிதாக ஆரம்பித்தவர்கள் கேட்டதையெல்லாம் செய்கிறார்கள்: ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள், தோலை ஊறவைத்து ஊற்றுகிறார்கள், உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். செடி தேறவில்லை என்றதும், "இயற்கை முறையெல்லாம் சரிப்பட்டு வராது" என்று ஒரே பருவத்தில் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். இயற்கை முறை என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த கைவைத்தியம்தான் அங்கே தோற்றது. மண்ணைப் பேணுவது என்ற அசல் வேலையை அவர்கள் தொடவே இல்லை.

தக்காளியிலிருந்து தொடங்கலாம். காய் நன்றாகத் திரண்டு வரும்போது, காம்புக்கு எதிர்ப்புறத்தில் நீர்கோர்த்த மாதிரி ஒரு புள்ளி தோன்றும். சில நாட்களில் அது அமுங்கி, பழுப்பாகி, பிறகு தோல்போலக் காய்ந்து கறுத்துவிடும். நுனி அழுகல். கிருமி இல்லை, பூச்சி இல்லை. காயின் அந்தப் பகுதியில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததால் திசு செத்துப்போகிறது. உடனே எல்லோரும் சொல்வது, "முட்டை ஓடு போடுங்கள்."

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அது நீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். கரைய வேண்டுமானால் மண் புளித்திருக்க வேண்டும், அதாவது அமிலத்தன்மை இருக்க வேண்டும். ஓடும் மாவாக அரைபட்டிருக்க வேண்டும். கையால் நொறுக்கிப் போட்ட துண்டுகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தொல்லியல் அகழாய்வுகளில் பல நூறு ஆண்டுப் பழைய முட்டை ஓடுகள் கிடைக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பருவத்துத் தக்காளிக்கு அதிலிருந்து என்ன கிடைக்கும்?

அதைவிட முக்கியமான விஷயம், நுனி அழுகல் வந்த தொட்டி மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சமே இருப்பதில்லை. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே பயணிக்கும். வேர் உறிஞ்சும் நீர் தண்டின் வழியே ஏறி இலைகளில் ஆவியாகிறது; அந்த ஓட்டத்தில்தான் கால்சியமும் போகிறது. இலை நிறைய நீரை ஆவியாக்கும், காயோ மிகக் குறைவாகத்தான் ஆவியாக்கும். அதனால் இலைக்கு முதல் பங்கு, காய்க்கு மிச்சம், காயின் கடைசி நுனிக்கு மிச்சத்திலும் மிச்சம். இலைக்குப் போய்விட்ட கால்சியத்தைச் செடியால் திரும்ப எடுத்துக் காய்க்கு அனுப்பவும் முடியாது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் அறுந்து அறுந்து போகிறது. வேர் அடிபட்டிருந்தாலும் அப்படித்தான். தழைச்சத்தை அள்ளிப் போட்டு இலையாகக் கொழிக்க வைத்தாலும் அப்படித்தான். ஆக, நுனி அழுகலுக்கு மருந்து சீராகத் தண்ணீர் விடுவதும், ஈரம் காக்கும் மூடாக்கும், வேர் பரவ இடம் தரும் பெரிய தொட்டியும்தான்.

இதே தக்காளிக்கு எப்சம் உப்பும் சிபாரிசு செய்யப்படுகிறது. அது மெக்னீசியம் சல்பேட். பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது என்பதால் இலை பச்சையாகும் என்று சொல்வார்கள். மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்த செடியில், அதாவது அடியிலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் பரவும் செடியில், அது வேலை செய்யும். குறையில்லாத மண்ணில் அதைக் கரைத்து ஊற்றினால் மெக்னீசியம் கால்சியத்தோடும் பொட்டாசியத்தோடும் போட்டி போட்டு, அவை வேருக்குள் நுழைவதைத் தடுக்கும். நுனி அழுகல் வந்த செடிக்கு மருந்து என்று நம்பி ஊற்றும் உப்பு, நுனி அழுகலையே கூட்டும். இந்த ஒரு குறிப்பைப் பகிர்வதை மட்டுமாவது நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

வாழைப்பழத் தோல் கொஞ்சம் வேறு கதை. பொட்டாசியம் தாவரத்துக்குள் எந்தக் கரிமச் சேர்மத்திலும் பூட்டிக் கிடப்பதில்லை. செல்லின் சாற்றில் கரைந்த அயனியாகவே இருக்கிறது. ஆகவே தோலை ஊறவைத்த நீரில் பொட்டாசியம் இறங்கும் என்பது சரிதான். ஆனால் அந்த நீரில் தழைச்சத்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நாலைந்து தோலில் இருந்து வருவதும் ஒரு தொட்டிச் செடியின் தேவைக்கு முன் சொற்பம். நாள்கணக்கில் மூடிவைத்தால் புளித்துக் கொசுவும் ஈயும் சேரும். தோலை நறுக்கி மட்குக் குழியில் போட்டால் அதே பொட்டாசியம் மற்ற சத்துகளோடு சேர்ந்து மண்ணுக்கு வரும். காபிச் சக்கையும் அங்கேதான் போக வேண்டும். அது மண்ணைப் புளிக்க வைக்கும் என்ற நம்பிக்கை தவறு. அமிலத்தின் பெரும்பகுதி குடித்த காபியிலேயே போய்விட்டது. ஆனால் சக்கையைப் பச்சையாகச் செடியைச் சுற்றி மண்ணில் கலந்த சோதனைகளில் செடிகள் வளர்ச்சி குன்றியிருக்கின்றன. மட்கிய பிறகு அது நல்ல உரம். அதுவரை அது உரத்துக்கான மூலப்பொருள் மட்டுமே.

மட்குக் குழியைச் சொன்னதால் அதையும் பேசிவிடலாம். கடையில் விற்கும் மட்க வைக்கும் தூள்கள் எதுவும் தேவையில்லை. மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் நீங்கள் போடும் ஒவ்வொரு இலையிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அவற்றுக்கு வேண்டியது மூன்று: காற்று, பிழிந்த துணி அளவுக்கு ஈரம், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையே ஒரு விகிதம். 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்றால் வேகமாக மட்கும். காய்ந்த சருகு கரிமப் பக்கம், பச்சைப் புல்லும் காய்கறிக் கழிவும் தழைச்சத்துப் பக்கம். மரத்தூளில் இந்த விகிதம் நூற்றுக்கணக்கில் இருக்கும். தனியாகக் குவித்தால் அசையாமல் கிடக்கும். மூக்கே இங்கே போதுமான கருவி. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் தழைச்சத்து அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, கிளறுங்கள். களை விதையும் நோய்க்கிருமியும் சாக வேண்டுமானால் குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தொட்டுச் சில நாட்கள் நிற்க வேண்டும். ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்குக் குறைந்த குவியலில் அந்தச் சூடு நிற்பது கடினம். சின்ன வாளிக் கம்போஸ்ட் கெட்டதில்லை. ஆனால் நோய் வந்து செத்த செடியை அதில் போடக் கூடாது.

இனி, இயற்கைத் தோட்டக்காரர்கள் கேட்க விரும்பாத ஒன்று. வேருக்குத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வேர் அதைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோதான் உறிஞ்சுகிறது. கொஞ்சம் அமினோ அமிலங்களும் போகும். மாட்டுச் சாணத்திலிருந்து நுண்ணுயிர் பிரித்துத் தந்த நைட்ரேட்டும் ஆலையில் செய்த நைட்ரேட்டும் ஒரே மூலக்கூறு. "ரசாயன உரம் போட்டால் மண் செத்துவிடும்" என்று ஒரே வரியில் சொல்வது உண்மைக்கு நியாயம் செய்யாது.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்றொரு வயல் இருக்கிறது. 1843ல் தொடங்கிய சோதனை இன்னும் அங்கே நடக்கிறது. ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம், பக்கத்துத் துண்டுகளுக்கு வெவ்வேறு அளவில் ரசாயன உரம், ஒரு துண்டுக்கு எதுவுமே இல்லை. தொழுவுரத் துண்டிலும் போதிய ரசாயன உரம் பெற்ற துண்டிலும் கோதுமை விளைச்சல் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தது. ரசாயன உரத் துண்டின் மண் சாகவில்லை. இதை மறைத்துவிட்டு இயற்கை முறைக்கு வாதாடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே வயல் இன்னொன்றையும் காட்டியது. தொழுவுரம் பெற்ற மண்ணில் கரிமம், ரசாயன உரம் மட்டும் பெற்ற மண்ணில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கரிமம் கூடினால் மண் துகள்கள் திரளும், மழைநீர் உள்ளே இறங்கும், ஈரம் நிற்கும், உயிர்கள் பெருகும். அதே நிலையத்தில் ஹூஸ்ஃபீல்டு என்ற வயலில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பார்லி பயிரிட்ட ஒரு துண்டுக்கு 1852 முதல் 1871 வரை தொழுவுரம் இட்டுவிட்டுப் பிறகு நிறுத்திவிட்டார்கள். 100 ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் அந்தத் துண்டின் கரிமம், எரு கண்டிராத பக்கத்துத் துண்டைவிடக் கூடுதலாகவே இருந்தது. எரு இட்ட கைகள் எல்லாம் போய்விட்டன. அவர்கள் போட்டது மண்ணில் மிச்சம் இருந்தது. இயற்கைத் தோட்டத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். இவ்வளவு வலுவான உண்மை கையில் இருக்கும்போது முட்டை ஓட்டுக்காக ஏன் வாதாட வேண்டும்?

எரு நல்லது என்றதும், எவ்வளவு போட்டாலும் நல்லது என்ற அடுத்த நம்பிக்கை வந்துவிடுகிறது. அதுவும் சரியில்லை. செடிக்கு மணிச்சத்தைவிட (பாஸ்பரஸ்) பல மடங்கு தழைச்சத்து தேவை. கால்நடை எருவில் அந்த விகிதம் அப்படி இல்லை. மணிச்சத்து தேவைக்கு மேலாகவே இருக்கிறது. தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றிலும் நீரிலும் போய்விடும், மணிச்சத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு தங்கிவிடும். தழைச்சத்துக்காக வருடாவருடம் கூடை கூடையாகப் போட்டால் மணிச்சத்து ஏறிக்கொண்டே போகும். மிஞ்சிய மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்கு எட்டாமல் செய்யும், இளந்தளிர் வெளிறும். வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா என்ற நல்ல பூஞ்சையையும் ஒடுக்கிவிடும், ஏனென்றால் மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி அந்தப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்க மெனக்கெடாது. அப்படிப்பட்ட மண்ணில் மைக்கோரைசா தூளை வாங்கிப் போடுபவர்களையும் பார்க்கிறேன். முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துச் செடிகள் அந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேர்வதே இல்லை. அவற்றுக்கு அதைப் போடுவது முழு வீண். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்பது, எந்த உரக் குறிப்பையும்விடப் பயன் தரும்.

பூச்சி விஷயத்தில் கட்டுக்கதைகள் ஆபத்தானவை. "இயற்கையானது, அதனால் தீங்கில்லாதது" என்ற நம்பிக்கைதான் இவை எல்லாவற்றுக்கும் தலைமை. டெர்ரிஸ் போன்ற செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன், தாவரப் பூச்சிக்கொல்லி என்ற பெயரோடு பல பத்தாண்டுகள் இயற்கைத் தோட்டங்களில் புழங்கியது. அது செல்லின் சுவாசத்தையே தடுக்கும் நஞ்சு. ஆற்றில் கலந்து மீன் பிடிக்கப் பயன்பட்டது அதனால்தான். ரோட்டினோன் செலுத்திய எலிகளுக்குப் பார்க்கின்சன் நோய்போன்ற அறிகுறிகள் தோன்றின என்ற ஆய்வு 2000ல் வெளியானது. பிறகு பல நாடுகள் அதைத் தோட்டங்களிலிருந்து விலக்கிவிட்டன. புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும், தேனீக்கும் நஞ்சு. அதை வீட்டில் காய்ச்சித் தெளிக்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன.

மயில்துத்தமும் (செம்புச் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885 முதல் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுகிறது. இயற்கைச் சாகுபடி விதிகளும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் செம்பு ஒரு தனிமம். அது மட்காது, சிதையாது. தெளித்த செம்பு மழையில் கழுவப்பட்டு மண்ணில் சேர்கிறது, அங்கேயே தங்குகிறது, மண்புழுக்களுக்குத் தொல்லையாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 7 ஆண்டுக்கு எக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான். பூஞ்சை வந்ததும் நீலக் கலவையை எடுக்கும் முன், செடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டோமா, மாலையில் இலையை நனைத்தோமா என்று பார்க்க வேண்டும்.

வேப்பெண்ணெய் பற்றி நிறைய பேர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது நல்ல மருந்து. அதில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் செய்கிறது; தோலுரிக்க உதவும் ஹார்மோனைக் குழப்பி, இளம் புழு அடுத்த பருவத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அதாவது, தெளித்த மறுநாள் பூச்சி செத்து விழாது. அடுத்த நாள் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள், இலை கருகுகிறது. பூச்சி சாகாமலே தின்பதை நிறுத்தியிருக்கலாம். புதிதாக வந்த இலையில் கடி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எண்ணெய் தண்ணீரோடு சேராது, ஆகவே முதலில் சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துப் பால்போல ஆக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெய் கடைசிச் செடியின் மீது மொத்தமாக விழும். லிட்டருக்கு 5 மில்லி போதும். வெயில் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும், அதனால் பொழுது சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். மணம் நீக்கித் தெளிய வைத்த எண்ணெயில் அசாடிராக்டின் அநேகமாக இருக்காது. அது பூச்சியின் மேல் படிந்து மூச்சடைக்க மட்டுமே உதவும். இன்னொன்று, வேப்பெண்ணெய் உட்கொண்ட கைக்குழந்தைகள் கடுமையாக நஞ்சேறிப் பாதிக்கப்பட்டது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் சோப்புக் கரைசல் நேரடியாகப் படும்போது மட்டும் கொல்லும். காய்ந்தபின் அதற்கு வேலையில்லை. பாத்திரம் துலக்கும் திரவம் சோப்பு ஆகாது, அது இலையின் மெழுகுப் பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

துணைச்செடிகள் பற்றிய நம்பிக்கைகள்தான் எத்தனை! இந்தச் செடியின் வாசனை அந்தப் பூச்சியை விரட்டும் என்று நீளமான பட்டியல்கள். இதைச் சோதிக்க இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் பூச்சியியலாளர்கள் ஃபிஞ்சும் காலியரும் முட்டைக்கோஸ் வேர் ஈயை வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். 2000ல் அவர்கள் முன்வைத்த விளக்கத்தைப் படித்தபிறகு நான் பாத்தி போடும் விதமே மாறிவிட்டது. முட்டைக்கோஸ் மணம் காற்றில் பட்டதும் ஈ கீழே இறங்குகிறது. இறங்கும்போது அதற்கு வழிகாட்டுவது கண். பச்சையாக எது தெரிந்தாலும் அதில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இலையைக் காலால் சுவைத்துப் பார்க்கும். சரியான இலை என்றால் சிறிது நடந்துவிட்டு எழும்பிப் பக்கத்தில் இன்னோர் இலையில் உட்காரும். இப்படித் தொடர்ந்து சில முறை சரியான இலையே காலில் பட்டால்தான் முட்டையிடும். நடுவில் ஒருமுறை தவறான இலையில் உட்கார்ந்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலும் பறந்தே போய்விடும். களையெடுத்து வெறும் மண்ணில் வரிசையாக நட்ட முட்டைக்கோஸ்தான் அந்த ஈக்கு வசதி, ஏனென்றால் அங்கே பச்சை என்றாலே முட்டைக்கோஸ்தான். வாசனையே இல்லாத செடியைச் சுற்றி வளர்த்தாலும் முட்டை குறைந்தது. பச்சைத் தாளை வெட்டி நட்டு வைத்தபோதும் குறைந்தது. வாசனைச் செடிகள் மற்றவற்றைவிட மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆக, கலந்து நடுவது பலன் தரும் என்ற பழைய அனுபவம் சரி, அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பிழை. காரணம் தெரிந்தால் பட்டியல் வேண்டாம். எந்தப் பச்சைச் செடியையும் இடையில் விடலாம்.

சாமந்தியைத் தக்காளியைச் சுற்றி நாலு மூலையில் நட்டால் வேரைத் தாக்கும் நூற்புழு ஓடிவிடும் என்பதும் அப்படிப் பாதி உண்மைதான். துலுக்கச் சாமந்தியின் வேரிலிருந்து வரும் தெர்தியெனைல் என்ற பொருள் சில வகை நூற்புழுக்களைக் கொல்கிறது, மெய்தான். ஆனால் அந்த வேர் படும் இடத்தில் மட்டும். பாத்தி முழுக்க நெருக்கமாக விதைத்து, இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு, பிறகு அதே இடத்தில் காய்கறி நட்டால் வித்தியாசம் தெரியும். மூலைக்கு ஒரு செடி பூவுக்கும் தேனீக்கும் நல்லது, நூற்புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது.

பயறுவகைச் செடி பக்கத்துச் செடிக்குத் தழைச்சத்து ஊட்டும் என்பார்கள். அவரைச் செடி ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் ரத்தத்துச் சிவப்புக்குக் காரணமான பொருளின் உறவுக்காரப் புரதம் ஒன்று அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்திக்கொண்டிருப்பதால் வரும் நிறம் அது. சிவப்பு இருந்தால் முடிச்சு காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. ஏற்கெனவே எருவும் உரமும் செழித்த மண்ணில் முடிச்சே அதிகம் வராது, செடிக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. பிடித்த தழைச்சத்தைச் செடி முதலில் தனக்கே வைத்துக்கொள்ளும், பிறகு பெரும்பங்கை விதைக்குள் அனுப்பிவிடும். காயைப் பறித்துவிட்டால் அதுவும் போயிற்று. மண்ணுக்குத் தழைச்சத்து வேண்டுமென்றால் பூக்கும் தருணத்தில் செடியை வெட்டி அங்கேயே மடக்கிப் போட வேண்டும். பக்கத்துச் செடிக்கு அல்ல, அடுத்து வரும் செடிக்குத்தான் அது உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் அடியில் கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குள் நீர் இறங்க வேண்டுமானால் மேல் மண் முழுக்க ஊறி நிரம்ப வேண்டும், ஆகவே ஈரத் தேக்கம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். மதிய வெயிலில் இலையில் விழும் நீர்த்துளி கண்ணாடிவில்லைபோல எரிக்கும் என்பதை 2010ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்தார்கள்; வழுவழுப்பான இலைகளில் அப்படி எரியவில்லை, துளியை உயர்த்திப் பிடிக்கும் மெழுகு மயிர் கொண்ட இலைகளில் மட்டும் சாத்தியம் இருந்தது. செடி வாடினால் மதியம் என்று பார்க்காமல் வேரில் நீர் விடுங்கள். வினிகர் களையின் இலையை எரிக்கும், பல்லாண்டுக் களையின் வேரைத் தொடாது. அதோடு உப்பைச் சேர்த்தால் களைக்குப் பின் எதுவுமே முளைக்காது. மரச்சில்லு மூடாக்கு தழைச்சத்தைத் திருடும் என்பது மண்ணுக்குள் கலந்தால்தான் உண்மை, மேலே பரப்பினால் மேல்தோல் அளவுதான். மண்புழு உரம் செய்யும் சிவப்புப் புழுக்கள் சருகில் வாழ்பவை. அவற்றைத் தோட்ட மண்ணில் விட்டால் உழுதுகொடுக்காது. பிறை பார்த்து விதைப்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைத்ததில்லை. எருவை ஊறவைத்த கரைசல்களில் வெல்லப்பாகு சேர்த்துக் காற்றோட்டி வளர்க்கும்போது நல்ல நுண்ணுயிர் மட்டும் வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, மூல எருவில் குடல்கிருமி இருந்தால் அதுவும் பெருகும். பச்சையாகத் தின்னும் கீரையில் அதைத் தெளிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, கட்டுக்கதை இல்லை, பலருக்குத் தெரியாத உண்மை. அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி மேய்ச்சல் புல்லில் தெளிக்கப்படுவதுண்டு. அது மாட்டின் வயிற்றில் சிதையாமல் சாணத்தில் வருகிறது, மட்குக் குவியலின் சூட்டையும் தாண்டி நிற்கிறது. பிரிட்டனில் 2008ல் தோட்டங்கள் பல இதனால் பாழாகி, அந்த மருந்தின் விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. எரு வெளியிலிருந்து வரும் எந்தத் தோட்டத்திலும் இது நடக்கலாம். கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பீன்ஸ் செடி கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

புது எரு வந்ததும் நான் செய்வது இதுதான். சில சிறு தொட்டிகளில் எருவையும் நடவு மண்ணையும் சரிபாதி கலக்கிறேன். அதே எண்ணிக்கையில் வேறு தொட்டிகளில் எருவே இல்லாத நடவு மண் மட்டும். ஒவ்வொன்றிலும் பீன்ஸ் விதை மூன்று. தொட்டிகளின் மேல் எது எது என்று எழுதிவிடுகிறேன். இரண்டு கூட்டத்தையும் தள்ளித் தள்ளி வைக்கிறேன், ஒன்றிலிருந்து வடியும் நீர் மற்றொன்றில் சேரக் கூடாது. ஒரே வெயில், ஒரே தண்ணீர். முதல் இரண்டு இலைகளைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அடுத்து வரும் மூவிலைக் கொத்துகளைப் பாருங்கள். எரு நல்லதென்றால் இரண்டு பக்கமும் இலை விரிந்து தட்டையாக இருக்கும். களைக்கொல்லி இருந்தால் எரு கலந்த தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போலக் குவியும், நரம்புகள் ஒன்றையொன்று நெருங்கி இணையாக ஓடும், நுனிக் குருத்து பெரணி இலைச்சுருள்போல உள்ளே திருகிக்கொள்ளும். எரு போடாத தொட்டிகளிலும் அதே திருகல் தெரிந்தால் காரணம் வேறு, விதையிலோ நடவு மண்ணிலோ தேடுங்கள்.

எந்தக் குறிப்பையும் இதே முறையில் பார்த்துவிடலாம். போட்ட தொட்டி சில, போடாத தொட்டி சில. திருகல் கண்ட எருவை மட்குக் குழிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம், அங்கே அது மெதுவாகத்தான் சிதையும். யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம். காய்கறி வளராத மூலையில் மெல்லிசாகப் பரப்பி, மண்ணோடு கலந்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் காற்றும் ஈரமும் கிடைத்தால் அந்த மருந்தைச் சிதைக்கும். ஒரு வருடம் போன பிறகு அந்த மண்ணில் மறுபடி பீன்ஸ் போட்டுப் பாருங்கள்.